நான்காம் நாள்

சமையலறை மேசைமேல் பிராக் விரிந்து கிடக்கிறது.
மூலைக்கொன்றாய்ப் பாரம்:
உப்புக் குப்பி, கடுகு விழுது,
அவருடைய இன்ஹேலர்,
நேற்றைய ரொட்டியின் காய்ந்த முனை.
வல்தாவா நதியின் நடுவே தேநீர்க் கறை.
‘புதுசாய் ஒரு தீவு’ என்கிறார் போஹுஸ்லாவ்.

ஐந்து நாள்.
நாளுக்கு ஓரிடம், மிஞ்சினால் ஒன்றரை.
அந்த அரை, காப்பிக் கடை.

மகன் ரதோவான் அனுப்பிய பட்டியலில்
நாளுக்குப் பதினோரு இடம்,
மணியும் நிமிடமும் போட்டு.
தாளின் பின்பக்கம் நல்ல வெள்ளை.
அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போகாத ஊரில்லை அது.
எழுபத்தெட்டில்
சுரங்கத் தொழிற்சங்கத்தின் பஸ்
ஒரே நாளில் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டது.
கோட்டை, பாலம், கடிகாரம்,
ஆளுக்கொரு தொத்திறைச்சி, மறுபடி பஸ்.
கடிகாரத்தின் கதவு திறந்து
அப்போஸ்தலர் பன்னிருவரும் எட்டிப்பார்த்தபோது
நான் கழிப்பறை வரிசையில் ஏழாவது ஆள்.
அவர் பஸ்ஸைவிட்டே இறங்கவில்லை;
இரவு ஷிப்ட் முடித்து நேரே ஏறியவர்,
வாய் பிளந்து தூக்கம்.
பிறகு எத்தனை வருடம்,
யார் கேட்டாலும் இருவரும்
‘பிராக்கா? பார்த்தாயிற்றே!’

பாதாள ரயில் வேண்டாமென்பது
அவர் போட்ட ஒரே நிபந்தனை.
‘முப்பத்தோரு வருடம்
தரைக்குக் கீழே போகச் சம்பளம் வாங்கினேன்.
காசு கொடுத்து இறங்க எனக்கென்ன கிறுக்கா?’
ஆகவே டிராம்.
இருபத்திரண்டாம் எண்
எங்களுக்குப் பதிலாக மேடேறி
கோட்டைப் பக்கம் இறக்கிவிடும்.
சிவப்புப் பென்சிலால் அதன் தடத்தை வரைகிறேன்,
வளைவு வருமிடத்தில் அவர்
வாயால் கிறீச்சென்கிறார்.

முதல் நாள், போய்ச் சேர்வது. அவ்வளவுதான்.
ஒஸ்த்ராவாவிலிருந்து ரயிலில் வருவதே
ஒரு வேலைதான் என்றேன்.
இரண்டாம் நாள் கடிகாரம்.
இந்த முறை முன்கூட்டியே போய்விட்டு வந்து நிற்பேன்.
மூன்றாம் நாள் கோட்டை.
அங்கே, பேராலயத்தின் தெற்குக் கோபுரம்:
இருநூற்று எண்பத்தேழு படி,
லிஃப்ட் கிடையாது.
அடித்துவிட்டேன்.
பழைய நகர மண்டபத்துக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு.
அதை எழுதினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலை மேசைமேல் உருட்டினார்,
பாலம் தாண்டி, தீவு தாண்டி,
விளிம்பில் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான்
ரொட்டி வாங்கப் போனால் நேரமாகத் தொடங்கியது.

வியாழக்கிழமை குப்பைப் பையோடு கதவைத் திறந்தேன்.
எட்டாம் மாடியின் மாடிப்படிக் குழிக்குள்ளிருந்து
அவர் குரல், எண்ணிக்கொண்டு:
முப்பத்தொன்பது.
நாற்பது.
பிறகு எண் இல்லை, துருத்தி மட்டும்.
கரித்தூள் அடைத்த துருத்தி.
கைப்பிடிக் கம்பியில் மோதிரம் உரசும் ஒலி.
குப்பைப் பை என் கையில் கனத்தது.
கீழே போய்த் தாங்கிப் பிடிக்கவா,
திட்டவா.
நாற்பத்தொன்று.
தாழ்ப்பாள் சத்தமிடாமல் கதவைச் சாத்தினேன்.

ரொட்டியோடு உள்ளே வந்தவர்
‘லிஃப்ட் மோசம், காக்கவைத்துவிட்டது’ என்றார்.
‘அது எப்போதும் அப்படித்தான்’ என்றேன்.

நான்காம் நாளுக்கு எதிரே
‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தேன்.
ஆற்றங்கரை, பெஞ்சு, அன்னங்கள்;
அதையும் எழுத வேண்டாமே என்றிருந்தேன்.
இன்று அதனடியில், மெலிதாக,
ரப்பருக்கு வேலை வைக்காதபடி ஒரு வரி:
கோபுரம், முடிந்தமட்டும்.

அலமாரிமேல் மீன்பிடி முக்காலி இருந்தது.
மடக்கி, தராசில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றேகால் கிலோ.
படிச் சுவரோரம் அதை விரிக்க விடுவார்களா,
கேட்க வேண்டும்.
யார் தூக்குவது என்பதும்
இன்னும் பேசி முடிவாகவில்லை.